மூத்தாள் படத்துக்கு வந்த வளையல்கள்

விரலில் துணி சுற்றிக்கொண்டு வந்திருக்கிறீர்கள். கண்ணாடி கீறியிருக்கும். ஆறிவிடும். பசை காய்ச்சுவதும் பலகை அறுப்பதும் அப்படித்தான். காயமாகத் தொடங்கிப் பழக்கமாக முடியும். அதையெல்லாம் சொல்லித்தர நான் வரவில்லை. ஐம்பது வயது ஆகுமுன்பே என் கண்கள் இந்த வேலையை விட்டுவிட்டன. கை மட்டும் விடவில்லை. தெருவில் ஒரு பொத்தான் கிடந்தால் இன்னும் குனிகிறது. ஒரு சாமானைப் படத்தில் எங்கே வைப்பது என்று நீங்கள் இரண்டு வருடத்தில் கற்றுக்கொள்வீர்கள். அதை முதலில் யார் கண்முன் வைப்பது என்று எனக்குத் தெரியவேண்டி வந்தது ஒரே ஒருமுறை. அதைச் சொல்கிறேன்.

மாத்தளைக் கடைத்தெருவில், எல்லாரும் நானா என்று அழைத்த முஸ்லிம் முதலாளியின் படக்கடையில், இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்துச் சில வருடங்களுக்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்தேன். கடையின் முன்பக்கம் முருகனும் மக்காவும் புத்தரும் ஒரே சுவரில் சட்டத்துக்குள் தொங்குவார்கள். வாங்குகிறவர் யாரோ அவருக்கேற்ப நானாவின் பாஷை மாறும். பின்பக்கம், ஒரு பூப்போட்ட திரைக்கு அப்பால், என் மேசை. அங்கேதான் பெட்டிப்படங்கள் பிறந்தன. தேயிலைப் பெட்டிப் பலகையில் ஒரு கை ஆழத்துக்குக் கூடு. உள்ளே பெட்டியின் ஈயத்தாளையே விரித்த பளபளப்பான தரை. அதன்மேல் செத்துப்போனவரின் சாமான்கள். சீப்பு, சுருட்டுக்குழாய், கவ்வாத்துக் கத்தியின் பிடி, சேலை விளிம்பு, ஒற்றைக் கடுக்கன். இடையிடையே ஜிகினா, பாசிமணி, சாதிக்காய் ஓடு, காய்ந்த கொக்கோத் தோல். முன்னால் கண்ணாடி.

தோட்டங்களில் புகைப்படம் ஏது? பிறந்து, கொழுந்து பறித்து, பிள்ளை பெற்று, ஒரு தடவைகூட முகம் பதியாமல் மண்ணுக்குள் போனவர்களே அதிகம். அவர்கள் தொட்டுத் தேய்த்ததை வைத்து அவர்களுக்கு ஒரு முகம் கட்டுவது நம் தொழில். ஓரத்துக்கு நிறைய மினுக்கம் வேண்டும் என்பதால் நானா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிவைப்பார்: "ஒடஞ்சதும் வேணும், கொண்டாங்க. பொத்தான், சோடா மூடி, வளையல் துண்டு, எதையும் வீசாதீங்க."

பெட்டிப்படங்களில் மூத்தாள் படம் என்று ஒன்று உண்டு. மனைவியை இழந்தவன் மறுதாரம் கட்டும்போது, செத்தவளை மூத்தாள் என்பார்கள். அவள் முன்னால் மஞ்சளும் பூவும் வைத்துச் சம்மதம் கேட்ட பிறகுதான் புதியவள் கழுத்தில் தாலி ஏறும். கேட்காமல் கட்டினால் மூத்தாளின் கோபம் இளையாளின் வயிற்றில் இறங்கும் என்று பயம். கேட்பதற்கு ஒரு உருவம் வேண்டுமே! அதற்கு எங்களிடம் வருவார்கள்.

ஒரு மழைக்காலத்தின் முடிவில் இரத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்திலிருந்து நாலு பேர் வந்தார்கள். முருகேசு என்ற இளவயசுக்காரன், அவன் தாய், அவனுடைய செத்துப்போன மனைவி ராசாத்தியின் தாய் பேச்சியம்மா, ராசாத்தியின் தங்கை வள்ளி. அடுத்த முகூர்த்தத்தில் முருகேசு வள்ளியைக் கட்டப்போகிறான். அக்காள் போன இடத்துக்குத் தங்கை போவது எங்கள் பக்கம் புதிதில்லை.

"போட்டா ஏதும் இருக்குங்களா?" என்று கேட்டேன்.

"போட்டா எடுக்க நாங்க என்ன தொரமாரா?" என்றாள் முருகேசுவின் தாய். "சுமங்கலியா, மஞ்சக் குங்குமத்தோட, பாத்தாக் கையெடுத்துக் கும்பிடுற மாதிரி செஞ்சு தாங்க அக்கா. ஓரம் சும்மா தகதகன்னு இருக்கணும்."

பேச்சியம்மா மடியிலிருந்த துணிமுடிச்சை அவிழ்த்தாள். பல்லுப்போன சீப்பு. கூறைச்சேலையின் ஒரு விளிம்பு. கொழுந்துக் கூடையின் கயிறு. தலையில் பட்டுப்பட்டு நடுவில் மட்டும் எண்ணெய் ஊறி வழுவழுத்திருந்தது. கயிற்றை என்னிடம் கொடுக்குமுன் தன் கன்னத்தில் ஒருமுறை வைத்துக்கொண்டாள்.

"என்ன வருத்தம் வந்துச்சு?"

"ஜன்னி," என்றான் முருகேசு. அன்று அவன் பேசியது அவ்வளவுதான்.

"வளகாப்பு முடிஞ்சு வாரம் போகல அக்கா," என்றாள் பேச்சியம்மா. "இந்தத் தெருவுலதான் வளையல் எடுத்தேன். பச்சை ஒன்னு, செவப்பு ஒன்னு, மேல தங்கப்புள்ளி. மாத்தி மாத்தி ரெண்டு கைக்கும் நானே போட்டு விட்டேன். நான் வேற தோட்டம். சேதி வந்து பொறப்பட்டா, மழையில பாலம் போயிருச்சு. சுத்தி வாறதுக்குள்ள மண்ணுக்குள்ள வச்சுட்டாங்க. மொகத்தக்கூடப் பாக்கக் கெடைக்கல."

"கை நெறைய வளையலோடதான் அனுப்பி வச்சேன் சம்பந்தி," என்று முருகேசுவின் தாய் அவள் தோளைத் தொட்டாள். "ஒன்னுலகூடக் கீறல் இல்ல. மகராசி மாதிரிப் போனா."

புருஷன் செத்தால்தான் பெண்ணின் கைவளை உடைப்பது. அவனுக்கு முன்னால் போகிறவள் முழு வளையலோடு போகவேண்டும். பிள்ளையை இழந்த ஒருத்தி பிடித்துக்கொள்ள அந்த ஒன்றுதான் மிச்சம். பேச்சியம்மா அதைப் பிடித்துக்கொண்டு தலையாட்டினாள்.

வள்ளி வாசலில் சாமிப்படங்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. நான் பார்த்ததைப் பார்த்துப் பேச்சியம்மா தாழ்ந்த குரலில் சொன்னாள்: "எங்க வீட்டுக்காரர் போயிட்டாரு. தோட்டம் குடுத்த லயத்து வீட்டுக் காம்பராவ விடச் சொல்லிட்டாங்க. இவ அங்க போனா எனக்கும் ஒரு மூலை கெடைக்கும்."

போகும்போது முருகேசுவின் தாய் பால்மா டின் ஒன்றை மேசையில் வைத்தாள். "ஓரத்துக்கு," என்றாள்.

சில நாள் கழித்துத்தான் டின்னைத் திறந்தேன். பீங்கான் கோப்பையில் கொட்டிச் சவுக்காரத் தண்ணீர் ஊற்றினேன். பொத்தான்கள், பாசிமணி, நசுங்கிய சோடா மூடிகள். அடியில் வளையல் துண்டுகள். தண்ணீர் முதலில் சாம்பல் நிறமானது. அடுப்புச் சாம்பல். பிறகு சாணி மெழுகிய தரையின் மண் கரைந்து அடியில் தங்கியது. அதற்கு மேலே, மெதுவாக, விடிகிற மாதிரி நிறங்கள் தெளிந்து வந்தன. பச்சை. சிவப்பு. தங்கப்புள்ளி.

ஒன்றிரண்டு துண்டு என்றால் என் கை நின்றிருக்காது. அள்ள அள்ள வந்தது. இரண்டு கைக்கும் காணும். ஒரு துண்டில் நீளமான தலைமுடி சுற்றியிருந்தது. அது சவுக்காரத்துக்கு அவிழவில்லை, சுற்றிய மாதிரியே நின்றது.

நான் பொலிஸ்காரி இல்லை. வளையல் உடைகிற சாமான்தான். வழுக்கி விழுந்தாலும் உடையும், ஜன்னியில் கையை அடித்தாலும் உடையும். ஆனால் உடைந்திருந்தால் உடைந்தது என்று சொல்லலாமே. வளைகாப்பு வளையலில் ஒன்று விரிசல் விட்டாலே வீடு பதறி, ஓடிப்போய் வேறொன்று போட்டுவிடும். இவ்வளவும் நொறுங்கிய அடுப்படியைக் கூட்டிப் பெருக்கிய ஒருத்தி, ஒன்றில்கூடக் கீறல் இல்லை என்று பெற்றவளின் தோளைத் தொட்டுச் சொல்கிறாள். பொய் என்றால் அதை ஏன் எங்களிடம் கொண்டுவந்தாள் என்று கேட்பீர்கள். லயத்தில் வளையல் துண்டை யாரும் எறியமாட்டார்கள். டின்னில் போட்டுவைப்பார்கள், பிள்ளைகள் விளையாடும், படக்கடை கேட்கும். அவளுக்கு அது குப்பையும் இல்லை, சாட்சியும் இல்லை; ஓரத்துக்கான சாமான். ஓரத்தை யார் உற்றுப் பார்க்கிறார்கள்?

திரையை விலக்கி நானாவைக் கூப்பிட்டேன். கோப்பையைப் பார்த்தார். நான் சொன்னதைக் கேட்டார். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"தங்கச்சி, நாங்க படம் செய்றவங்க. மௌத்தாப்போன ஆளுக்கு வழக்குப் பேசுறவங்க இல்ல."

"கட்டப்போறவ உசிரோட இருக்கா நானா."

"நீ நெனக்கிறது பிழையா இருந்தா? ஒரு மனுசன கொலகாரன்டு செல்றது லேசான விசயமா? நாளைக்கு அல்லாஹ்ட்ட நான் என்னத்த செல்ல?"

"சரியா இருந்தா என்னத்த சொல்லுவீங்க?"

முன்பக்கம் ஒரு சிங்கள அம்மா புத்தர் படம் விலை கேட்க, அவர் போய்ச் சிங்களத்தில் சிரித்துப் பேசிவிட்டு, திரும்பி வந்து அதே இடத்தில் அதே முகத்தோடு நின்றார்.

எனக்கு முன்னால் மூன்று வழிகள் இருந்தன. துண்டுகளை அள்ளிக் குப்பையில் போட்டு, வேறு மினுக்கம் வைத்துப் படத்தை முடிக்கலாம். அது அவர்கள் கூட்டிப் பெருக்கியதை நான் இன்னொருமுறை பெருக்குவது. நாலு பேரும் வரும்போது போட்டு உடைக்கலாம். அப்போது அவன் இல்லை என்பான், அவன் தாய் நெஞ்சில் அடித்துக்கொள்வாள், பேச்சியம்மாவும் வள்ளியும் அந்த இரண்டு பேரோடு அதே பஸ்ஸில் ஏறி மலைக்குப் போகவேண்டும். மூன்றாவது, தெரிந்துகொள்ளும் உரிமை யாருக்கோ அவளுக்கு மட்டும், தனியாக, காட்டுவது. காட்டிவிட்டு வாயை மூடிக்கொள்வது. இந்த மூன்றாவதுதான் ஆகக் கடினம். நமக்குத் தெரிந்தது கொஞ்சம்; வாயைத் திறந்தால் தெரியாததும் சேர்ந்து வந்துவிடும்.

இரத்தோட்டை பஸ் கண்டக்டரிடம் சொல்லி அனுப்பினேன்: மூத்தாள் படத்தில் கடைசிச் சாமானைப் பெற்றவள் தன் கையால் வைக்கவேண்டும், வேறு யாரும் கூட நிற்கக்கூடாது, அதுதான் முறை. இன்றும் இந்தக் கடையில் பெற்றவளைத் திரைக்குள் தனியாகக் கூப்பிட்டு அப்படித்தான் செய்கிறார்கள், தலைமுறை தலைமுறையாக வந்தது என்று வாடிக்கைக்காரருக்கு விளக்கமும் சொல்கிறார்கள். அப்படி ஒரு முறை இருந்ததில்லை. அன்று காலை பஸ் புறப்படுமுன் நான் உண்டாக்கியது.

பேச்சியம்மா வந்தாள். முருகேசுவின் தாயும் கூடவே வந்துவிட்டாள். திரைக்குள் அவளும் நுழையப் பார்த்தாள்.

"நீங்க வெளிய இருங்கம்மா. பெத்தவ மட்டுந்தான்."

"ஏன், நான் பாத்தா படம் பொசுங்கிருமா? என் வீட்டு வௌக்கு ஏத்துனவ அவ!"

இப்போது நானா என்ன செய்வார் என்று எனக்குத் தெரியாது. ஒரு சொல் போதும், எல்லாம் கெட்டுப்போகும். அவள் உட்கார அவர் ஒரு வாங்கை இழுத்துப் போட்டார்.

"இரிங்க உம்மா, இரிங்க. ப்ளேன்டி வரச் செல்லி ஈக்கேன். ஒங்கட தோட்டத்துல மொளகு எப்புடி? போன தடவ ஒருத்தன் மொளகுன்டு எனக்குப் பப்பாசி வெதய வித்துட்டுப் போயிட்டான், கள்ளன்!"

அவள் சிரித்துவிட்டாள். உட்கார்ந்துவிட்டாள்.

உள்ளே, வெள்ளைத் துணியில், துண்டுகளைப் பரப்பி வைத்திருந்தேன். "அந்த டின்னுல இருந்துச்சு," என்று மட்டும் சொன்னேன்.

பேச்சியம்மா முதலில் புரியாமல் பார்த்தாள். பிறகு ஒரு சிவப்புத் துண்டை எடுத்துத் தன் மணிக்கட்டில் வைத்துப் பார்த்தாள். அதன் பக்கத்தில் ஒரு பச்சை. அதன் பக்கத்தில் ஒரு சிவப்பு. மகளுக்குப் போட்ட அதே வரிசையில். தலைமுடி சுற்றிய துண்டு வந்தபோது கை நின்றது. வெளியே நானா மிளகு விலையைப் பற்றிச் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்.

"விழுந்தா இப்படி ஒடையுமா அக்கா?"

"எனக்குத் தெரியாதும்மா. தெரிஞ்சதத்தான் காட்டினேன்."

"ஜன்னின்னான்."

அழுவாள், வெளியே ஓடிச் சம்பந்தியின் மயிரைப் பிடிப்பாள் என்றெல்லாம் எதிர்பார்த்து, திரைக்கும் அவளுக்கும் நடுவில் நின்றேன். அவள் அழவில்லை.

"இத எங்க வைப்பீங்க?"

"ஓரத்துக்குன்னு குடுத்தாங்க."

"ஓரத்துல வேணாம்," என்றாள். "மொகம் இல்லேல்ல என் புள்ளைக்கு? மொகத்துல வைங்க."

அவளே வைத்தாள். கயிற்றுக்குக் கீழே, நெற்றி இருக்கவேண்டிய இடத்திலிருந்து தொடங்கி, ஒவ்வொரு துண்டாகப் பசையில் அமுக்கினாள். விரல் கீறி ரத்தம் வந்ததும் முந்தானையில் துடைத்துக்கொண்டு அடுத்ததை எடுத்தாள். நான் உதவவில்லை. குங்குமப் பொட்டுக்கு மட்டும் இடம் விட்டாள்.

வெளியே போனவள் சம்பந்தியிடம் சாதாரணமாகச் சொன்னாள்: "பசை காயணுமாம். கல்யாணத்தன்னிக்கு இவங்களே கொண்டு வாறாங்க." இரண்டு பேரும் ஒரே வாங்கில் உட்கார்ந்து ப்ளேன்டி குடித்துவிட்டுப் போனார்கள். அந்தப் பஸ் கண்ணுக்கு மறையும்வரை நானா வாசலிலேயே நின்றார்.

கல்யாணத்துக்கு நான் மட்டும் போவதாகத்தான் இருந்தது. காலையில் பார்த்தால் நானா பெட்டியைச் சாக்கில் சுற்றித் தோளில் வைத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்தில் நிற்கிறார். "கண்ணாடி பாரம். நீ போட்டு ஒடச்சிருவாய்," என்றார். தோட்டத்து ஏற்றத்தில் மூச்சு வாங்க வாங்க என்னைத் திட்டிக்கொண்டே வந்தார். பெட்டியை ஒருதடவைகூடக் கீழே வைக்கவில்லை.

லயத்து வாசலில் பந்தல். வள்ளி மஞ்சள் சேலையில், மாலையோடு, மணையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் முருகேசு. மூத்தாளைக் கும்பிட வேண்டிய நேரம் வந்தது. பேச்சியம்மா பெட்டியை முக்காலியில் வைத்துத் தன் கையால் சாக்கை அவிழ்த்தாள்.

பெண்கள்தான் முதலில் பார்த்தார்கள். குலவையிட வாயைக் குவித்தவர்கள் அப்படியே நின்றார்கள். கூறைச்சேலை, கூடைக்கயிறு, குங்குமம், எல்லாம் இருந்தன. முகம் இருக்கவேண்டிய இடத்தில் பச்சையும் சிவப்பும் நொறுங்கிக் கிடந்தன. வளைகாப்புக்கு வந்து அந்த வளையல்களைத் தொட்டுப் பார்த்தவர்கள் அவர்கள். புதைக்குமுன் குளிப்பாட்டியது யார் என்ற கேள்வி கூட்டத்தில் ஓடியது. முருகேசுவின் தாய் வேறு யாரையும் விடாமல் தனியே குளிப்பாட்டித் துணி சுற்றியிருக்கிறாள்.

"என்ன படம் இது? ஒடஞ்ச வளையல வச்சுச் செஞ்சிருக்கீங்க, கெட்ட சகுனம்!" என்று தோட்டத்துத் தலைவர் என்னைப் பார்த்து அதட்டினார்.

நானா ஒரு அடி முன்னால் வந்தார். அதற்குள் பேச்சியம்மா பேசிவிட்டாள். குரலை உயர்த்தவில்லை.

"என் மக போட்டுக்கிட்டுப் போன வளையலுங்க தலைவரே. சம்பந்திதான் பத்திரமா எடுத்து வச்சிருந்தாங்க."

முருகேசு படத்தைப் பார்க்கவே இல்லை. தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். வள்ளி அவனுடைய கைகளைப் பார்த்தாள். பிறகு மாலையைக் கழற்றி மணையில் வைத்துவிட்டு எழுந்து தாயின் பக்கத்தில் போய் நின்றாள்.

அதற்கு மேல் நடந்ததைக் கேட்டு நீங்கள் சந்தோஷப்பட ஒன்றுமில்லை. யாரும் தோண்டிப் பார்க்கவில்லை. தோட்டத்து டிஸ்பென்சரியில் ஏற்கெனவே ஜன்னி என்று எழுதியாகிவிட்டது. சொந்தக்காரர்கள் இரண்டு பக்கமாகப் பிரிந்து சத்தம் போட்டார்கள், பந்தியில் சோறு ஆறிக் கிடந்தது. பேச்சியம்மாவுக்குக் கிடைக்கவிருந்த மூலை போயிற்று. தாயும் மகளும் நாவுலப் பக்கம் ஒரு மிளகாய்த் தோட்டத்தில் கூலிக்குப் போனார்கள், காவல் குடிசையில் படுத்தார்கள். முதல் வருடத்திலேயே பேச்சியம்மாவுக்கு மலேரியா வந்து உடம்பு பாதியானது. வள்ளி உயிரோடு இருந்தாள். நான் செய்தது சரியா என்று என்னிடம் நானே கேட்கிற நாட்களில் அந்த ஒரு வாக்கியத்தைத்தான் சொல்லிக்கொள்வேன். மற்ற வாக்கியங்கள் அதைச் சுற்றி நின்று முறைக்கும்.

டின்னை முழுக்கக் கொட்டிப் பாருங்கள் என்று உங்களுக்குச் சொல்கிறேன். பார்த்ததை விடக் கூடுதலாக ஒரு சொல்லும் சொல்லாதீர்கள். அது போதுமா என்று கேட்டால், போதாது.

மறுவருடம் தை பிறந்து கொஞ்ச நாளில் பஸ் கண்டக்டர் கடைக்கு வந்தார். முருகேசு வேறொரு மலைத் தோட்டத்தில் பெண் எடுத்துவிட்டானாம். மூத்தாள் படம் வேறு ஊரில் செய்வித்தார்களாம், நல்ல ஓரம் போட்டு.

"பொண்ணு பேரு என்ன?" என்று கேட்டேன்.

அவருக்குத் தெரியவில்லை.